திருகோணமலையில் பழைய பாய்ப்படகு வாங்குவது எப்படி? உள்ளறையிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

தை பிறந்து வாடைக்காற்று ஒரு சீருக்கு வந்ததும், திருகோணமலை உள்துறைமுகத்தில் வெள்ளைப் பாய்ப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து நங்கூரம் போடும். மலேசியாவின் லங்காவியிலிருந்தும் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் கடல் மைல் ஓடி வருகிறவை அவை. துறைமுகத்துப் பக்கம் இவற்றை யொட் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலானவை சில வாரங்கள் நின்று, டீசலும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு மாலைதீவுப் பக்கம் போய்விடும். ஒன்றிரண்டு நின்றுவிடும். ஓட்டி வந்தவருக்கு முழங்கால் வலி, ஊரில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, 2023 கடைசியிலிருந்து செங்கடல் வழியை நம்ப முடியவில்லை என்று காரணங்கள் பல. அப்படி நின்ற படகில் ஒருநாள் விற்பனைக்கு என்று ஒரு அட்டை தொங்கும்.

நானும் என் மாமாவும் அப்படித்தான் 34 அடிப் படகொன்றை வாங்கினோம். மாமா மனையாவெளியில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். விற்பனைக்கு வந்த படகில் ஏறிய முதல் நாள் நான் பாய்களையும் பெயின்ரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் படிவாசலில் குனிந்து நின்று, "மருமோன், பெயின்ரைப் பாக்காத. முதல்ல மூக்கை உள்ள விட்டுப் பார்" என்றார். அந்த ஒரு சொல்லை அன்றே முழுதாகக் கேட்டிருந்தால் எங்களுக்குப் பெரிய செலவொன்று மிச்சமாகியிருக்கும். பாயும் பெயின்ரும் பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் மாறும். படகு எப்படி வாழ்ந்தது என்பதை அதன் குசினியும் படுக்கையும் அலமாரிகளும்தான் சொல்லும். அதனால் இந்த வழிகாட்டி உள்ளே தொடங்கி வெளியே போகிறது.

முதலில், எந்த மாதத்தில் பார்ப்பது

விற்பவருக்கு ஆவணி நல்லது. கச்சான் அடித்து ஊரே காய்ந்து கிடக்கும்போது ஒழுக்குள்ள படகும் காய்ந்த படகாகத் தெரியும். வாங்குபவருக்குக் கார்த்திகை, மார்கழிதான் நல்லது. வடகீழ்ப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போய்ப் பாருங்கள். எந்த யன்னல் ஓரத்தில் நீர் கசிகிறது, எந்த மெத்தையின் மூலை ஈரம் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். மழையில்லாத காலம் என்றால், மேல்தளத்தில் ஒரு மணி நேரமாவது குழாய்த் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். இதற்கு மறுக்கிற விற்பனையாளரிடம் நான் இரண்டாம் முறை போகமாட்டேன்.

போவதற்கு முன்பு இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: "முதல்நாள் இரவு எல்லா யன்னலையும் மூடி வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்." இரண்டுக்கும் காரணம் பின்னால் வரும்.

மூக்கும் நாக்கும்

மூடிக் கிடந்த படகைத் திறந்ததும் முதல் மூச்சில் வருகிற மணம்தான் உண்மையானது. ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். டீசல் மணம் என்றால் தாங்கியோ குழாயோ கசிகிறது. மலநாற்றம் என்றால் கழிப்பறைக் குழாய்கள் ஊறிப்போயிருக்கின்றன. பழைய புத்தகப் பெட்டியைத் திறந்தது போன்ற பூஞ்சண மணம் என்றால் மழைநீர் எங்கோ நெடுநாள் தங்கியிருக்கிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க என்று தேடத் தொடங்குங்கள்.

அடுத்தது தரைப்பலகை. எல்லாவற்றையும் தூக்குங்கள். தூக்க வராத பலகை இருந்தால் அதையே முதலில் தூக்கச் சொல்லுங்கள். கீழே உள்ள பள்ளத்தைத்தான் பில்ஜ் என்கிறோம். அங்கே தண்ணீர் நின்றால் ஒரு விரலில் தொட்டு, எண்ணெய் மினுக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள். உப்பாக இருந்தால் கடல் உள்ளே வருகிறது: அடிப்பக்கத் துளைகளின் வால்வு, புரொப்பெல்லர் தண்டின் சீல், கீல் (படகின் அடியில் உள்ள கனமான துடுப்பு போன்ற பகுதி) பொருந்தும் இடம் என்று தேட வேண்டும். உப்பில்லை என்றால் மழை, அல்லது நன்னீர்த் தாங்கியின் ஒழுக்கு. எண்ணெய் மிதந்தால் எஞ்சினுக்குக் கீழே தேடுங்கள்.

நடு அறை

மெத்தைகளையெல்லாம் எடுத்து வெளியே போடுங்கள். அடிப்பக்கத் துணியில் கரும்புள்ளி இருக்கிறதா, பலகை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளைப் பூட்டிய உலோகத் தகடுகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தைத் தேடுங்கள். அந்தத் தகடுகளைச் செயின்பிளேட் என்பார்கள். பல படகுகளில் புத்தகத் தட்டுக்கும் அலமாரிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும்.

எங்கள் படகில் இடதுபக்கத் தட்டுக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றினது போல ஒரு பழுப்புக் கோடு இருந்தது. நான் கண்டேன். அது பழைய கறை என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். அடுத்த மார்கழியில் அதே இடத்தில் ஸ்குரூட்ரைவர் நுனியை வைத்து அழுத்தியபோது, தடுப்புச் சுவரின் ஒட்டுப்பலகைக்குள் அது பாணுக்குள் இறங்குவது போல இறங்கியது. பாய்மரத்தையே இழுத்துப் பிடித்து நிற்க வேண்டிய பலகை அது. கம்பியைக் கழற்றி, தகட்டைக் கழற்றி, பலகையை வெட்டி மாற்ற இரண்டு மாதம் போனது. ஆகவே பழுப்புக் கோடு எங்கே கண்டாலும் ஸ்குரூட்ரைவர் நுனியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். விற்பவரின் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஆனால் செய்யாமல் விடக்கூடாது.

நிமிர்ந்து நில்லுங்கள். தலை இடிக்காத உயரம் உங்களுக்கு மட்டும் போதாது, வீட்டில் உயரமானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்து போகும்போது இரண்டு பக்கமும் கைபிடிகள் எட்டுகின்றனவா? அறை அகலமாக இருப்பது துறைமுகத்தில் அழகு. கடலில் படகு இருபது பாகை சாயும்போது பிடிக்க ஒன்றும் எட்டாத அகலம் ஆளைத் தூக்கி எறியும்.

குசினி

இங்கேதான் வெளிநாட்டு வழிகாட்டிகள் நமக்கு உதவுவதில்லை. அவர்கள் ஒரு தட்டையான சட்டியை மனதில் வைத்து எழுதுகிறார்கள். நீங்கள் உங்கள் சோற்றுப் பானையையும் இடியப்பச் சட்டியையும் கையோடு கொண்டு போங்கள். அடுப்பின் மேல் வைத்து, பானையைப் பிடிக்கும் கவ்விகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். அடுப்பு இரண்டு பக்கத்து முளைகளில் தொங்கி, படகு சாய்ந்தாலும் தான் சாயாமல் ஆட வேண்டும். பானை வைத்தபடியே கையால் ஆட்டிப் பாருங்கள். உயரமான பானையோடு அடுப்பு தலைகீழாகக் கவிழப் பார்த்தால், அந்த அடுப்பில் கடலில் சோறு ஆக்க முடியாது. அப்புறம் சமைப்பவர் சாய்ந்து நிற்க ஒரு பட்டி, ஆழமான சிங்க், கால் மிதியால் கடல் நீர் எடுக்கும் குழாய் இருந்தால் மிக நல்லது. துருவலை வைத்துத் தேங்காய் துருவ ஓரிடம் உண்டா என்று என் மனைவி கேட்டாள். விற்றவருக்குப் புரியவில்லை, ஆனால் சரியான கேள்வி அதுதான்.

காஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வீட்டில் போலக் கதவு வழியே போகாது, பில்ஜுக்குள் இறங்கித் தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சிலிண்டர் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் அடியில் உள்ள துளை நேரே படகுக்கு வெளியே போக வேண்டும். வெளியூர்ப் படகின் சிலிண்டர் வாய் நம்மூர் ரெகுலேட்டருக்குப் பொருந்தாமல் போவது வழக்கம். லிட்ரோவின் 5 கிலோ சிலிண்டர் அந்தப் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்குமா என்று அளந்து பாருங்கள்.

பிரிட்ஜ்தான் படகில் மின்சாரத்தை அதிகம் தின்பது. குளிர்நாட்டுக்குக் கட்டிய படகில் அதன் சுவர் மெல்லியதாக இருக்கும். நம்மூர்ச் சூட்டுக்குக் குறைந்தது நான்கு அங்குலம் தடித்த காப்பு வேண்டும். 12 வோல்ட் பிரிட்ஜ் ஒன்று இந்த வெயிலில் நாளொன்றுக்கு 50 முதல் 80 ஆம்பியர்-மணி கேட்கும். 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ 30 தரும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே எத்தனை தகடு இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பற்றரிகளின் மேல் உள்ள திகதியையும் படித்துவிடுங்கள்.

எங்கே படுப்பது

விளம்பரப் படத்தில் அழகாக இருப்பது அணியத்து (படகின் முன்முனை) அறையும் பின் அறையும். கடலில் ஓடும்போது அணியத்தில் ஒருவரும் தூங்க முடியாது, அது எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். அப்போது ஆட்டம் குறைந்த இடம் நடு அறைதான். அங்கே ஆறடிக்கு மேல் நீளமான நேர் இருக்கை ஒன்றாவது வேண்டும். உருண்டு விழாமல் தடுக்க ஓரத்தில் கட்டும் துணியும் வேண்டும். வளைந்த சோபா பார்ப்பதற்குத்தான் நன்றாக இருக்கும்.

நங்கூரத்தில் நிற்கும்போது கதை மாறுகிறது. படகு தன் முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொள்வதால், அணியத்து மேல்மூடியைத் திறந்தால் காற்று நேரே படுக்கையில் இறங்கும். பின் அறை எஞ்சினுக்குப் பக்கத்தில், தாழ்ந்த கூரையின் கீழ். கச்சான் காலத்து இரவில் அது அடுப்பங்கரை. ஆகவே திறக்கக்கூடிய மூடிகளையும் யன்னல்களையும் எண்ணுங்கள். எண்ணியதோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். மழையிலும் திறந்து வைக்கக்கூடிய காற்றுக்குழாய் எத்தனை? நுளம்பு வலை எல்லாவற்றுக்கும் இருக்கிறதா? படுக்கைக்கு ஒரு மின்விசிறி? திருகோணமலையில் படகில் வாழப்போகிறவருக்கு நான் சொல்வது: நான்கு படுக்கையும் நல்ல காற்றும் உள்ள படகு, எட்டுப் படுக்கையும் இறுகிய காற்றும் உள்ள படகைவிட எத்தனையோ மடங்கு மேல்.

கழிப்பறை, தண்ணீர்

கழிப்பறைக் குழாயின் மேல் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றித் தேய்த்து, துணியை மணந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறினால் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். பெரிய செலவில்லை, ஆனால் வேலை பொல்லாதது, விலையில் குறைக்கலாம். கழிவுத் தாங்கி இல்லாத படகு துறைமுகத்துக்குள் நிற்கத் தகுந்ததல்ல. நம் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர் அது.

நன்னீர்த் தாங்கி 300, 400 லீற்றர் என்றால் இரண்டு பேருக்குத் தாராளம். மூடியைக் கழற்றி, ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

இனி வெளியே

பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்று சொல்லும். தளத்தின் பைபருக்கு நடுவில் உள்ள பல்சா மரம் ஊறிய இடம் சோர்ந்து தொப்பென்று சொல்லும். கைபிடித் தூண்கள், மூடிகள், பாய்மரத்தின் அடி ஆகியவற்றைச் சுற்றி அதிகம் தட்டுங்கள், தண்ணீர் புகுவது திருகாணித் துளைகளால்தான். தேக்குப்பலகை பதித்த தளம் என்றால் நூற்றுக்கணக்கான துளை. அழகுக்காக அதை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்த வெயிலில் வெறுங்காலை அதில் வைக்கவும் முடியாது.

நீருக்கு அடியில் உள்ள பகுதியைக் கரையேற்றிப் பார்த்தே தீர வேண்டும். ஐரோப்பாவில் சில இடங்களில் கடல் வற்றும்போது படகைச் சுவரோரம் நிறுத்தி அடிப்பக்கம் பார்ப்பார்கள். இங்கே வற்று-பெருக்கு மிகக் குறைவு என்பதால் அந்த வழி இல்லை. எங்கே, யார் செலவில் தூக்குவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தூக்கியதும் பைபரில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி போல மணக்கும் நீர் வந்தால் அது ஒஸ்மோசிஸ், அதாவது பைபருக்குள் நீர் ஊறியிருக்கிறது. கொஞ்சம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, விலை பேசலாம். கீல் படகோடு சேரும் கோட்டில் வெடிப்பும் துருவும் இருந்தால்தான் கவலை. சுக்கானின் அடியில் நீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். வால்வுகளைக் கொஞ்சம் சுரண்டுங்கள், வெண்கலம் மஞ்சளாக மினுங்கும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த உலோகத்தில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, ஒருநாள் கையோடு உடைந்து வரும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து வருடத்துக்குள் மாற்றுவது வழக்கம். காப்புறுதிக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். மெல்லிய துணியால் கம்பியை உருவிக்கொண்டு போனால், அறுந்த இழை துணியைப் பிடித்திழுக்கும்.

எஞ்சின்

ஏறியதும் எஞ்சினைக் கையால் தொடுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அன்றைய பார்வையை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். பழைய டீசல் எஞ்சினின் குணம் சூடில்லாமல் ஸ்டார்ட் ஆகும்போதுதான் தெரியும். வெளியேறும் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுப் பாய வேண்டும். கறுப்புப் புகை சுமை அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை என்று சொல்கிறது. நீலப் புகை என்றால் ஓயில் எரிகிறது. விடாத வெள்ளைப் புகை எஞ்சினின் தலைப்பக்கத்தில் தண்ணீர் புகுவதாக இருக்கலாம். ஓயில் பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் பேச்சை அங்கேயே முடிக்கலாம்.

ஒரு இரவு, ஒரு ஓட்டம்

இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் நான் மிக வற்புறுத்துவது இதைத்தான்: வாங்குமுன் ஒரு இரவு படகில் தங்குங்கள். விற்பவர் கூடவே இருக்கட்டும். அங்கேயே சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கழிப்பறை போய், படுத்து எழும்புங்கள். நள்ளிரவில் எந்தக் கயிறு பாய்மரத்தில் அடிக்கிறது, பம்ப் எத்தனை தரம் தானாக ஓடுகிறது, விடியலில் யன்னலில் வியர்வை கட்டுகிறதா என்பதெல்லாம் பகல் பார்வையில் வராது. பிள்ளைகளோடு வாழப்போகிறீர்கள் என்றால் அவர்களும் படுத்துப் பார்க்கட்டும்.

மறுநாள் காலையில் துறைமுகக் கட்டுப்பாட்டுக்கு அறிவித்து, அனுமதியோடு வெளியே ஓட்டுங்கள். உள்துறைமுகத்துக்குள் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். கொட்டியாரக் குடாவைத் தாண்டிக் கோணேசர் மலைக்கு வெளியே வந்தால் அடி சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும், அங்கே திறந்த கடலின் நீண்ட அலை கிடைக்கும். பாய் முழுவதும் ஏற்றி, படகு சாய்ந்து ஓடும்போது ஒருவர் உள்ளே இறங்கிக் கேட்க வேண்டும்: எந்தக் கதவு தானாகத் திறக்கிறது, எந்தத் தடுப்புச் சுவர் முனகுகிறது என்று. நேற்று உப்பில்லாமல் இருந்த பில்ஜை இன்று இன்னொரு முறை தொட்டு நாக்கில் வையுங்கள்.

பத்திரமும் பணமும்

1930களில் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். அது புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று புதுப் பெயர் பெற்று, 1938இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கைமாறும்போது படகின் பெயரும் கொடியும் மாறும், இன்றும் அப்படித்தான். அதனால் கட்டியவரிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை விற்பனைப் பத்திரங்கள் சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். பின்பக்க வலது ஓரத்தில் பதித்த படகு எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? கணவன் மனைவி இருவர் பெயரில் பதிவு இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். கடன் எதுவும் படகின் மேல் இல்லை என்று பதிவு செய்த நாட்டிலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கொடியோடு வந்த படகு இங்கே தற்காலிகமாகத்தான் நிற்கிறது. இங்கே வாழ்பவர் அதை வாங்கினால் சுங்க வரிக் கேள்வி வரும். வரி எவ்வளவு என்று சுங்கத்திடமிருந்து எழுத்தில் பெறாமல் விலை பேசி முடிக்காதீர்கள், படகை அழைத்து வந்த முகவரின் வாய்ச்சொல் போதாது. இலங்கைக் கொடியில் பதிவதற்குக் கொழும்பில் உள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தை முன்கூட்டியே கேளுங்கள்.

விலை ஒத்துவந்தால் பத்து வீதம் முன்பணம். சர்வேயும் (படகு நிபுணரின் பரிசோதனை) கடல் ஓட்டமும் திருப்தி இல்லை என்றால் அது திரும்பி வரும் என்று எழுதி, சட்டத்தரணி கையில் வையுங்கள். சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள், விற்பவர் காட்டுகிறவர் வேண்டாம். கையில் உள்ள பணம் முழுவதையும் படகின் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். வருடத்துக்கு விலையில் பத்திலொரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. எங்கள் முதல் வருடம் அதைத் தாண்டியது.

கடைசிப் பணம் கொடுக்கும் முன் விற்றவரை இரண்டு நாள் படகிலேயே நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வையும் அவர் கையாலே திறந்து மூடிக் காட்டட்டும். நீங்கள் ஒரு கொப்பியில் படம் கீறி எண் போடுங்கள், ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் படகில் அந்தச் சீட்டுகளை எழுதியது மாமாதான். கடல் நீர் வால்வின் மேல் "இரவில் பூட்டு" என்று அவர் கையெழுத்து இன்னும் இருக்கிறது.